யாருக்கு போன் செய்வது? 2004 சுனாமியும் அதன் பிறகு பின்னப்பட்ட எச்சரிக்கை வலையும்

ஹவாயில் கிறிஸ்துமஸ் நாள், பிற்பகல் மூன்று மணி. நம் பக்கம் அது மறுநாள் காலை: 2004 டிசம்பர் 26, ஞாயிறு, 6:29. சுமத்ராவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் கடலடித் தட்டு பிளக்கத் தொடங்கியது. அந்தப் பிளவு வடக்கே அந்தமான் வரை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் ஓடியது. ஓடி முடிக்கவே சுமார் பத்து நிமிடம் பிடித்தது. ஹவாயில் உள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையத்தின் முதல் அறிக்கை 6:44-க்கு வெளியானது. நிலநடுக்கத்தின் அளவு 8.0, பசிபிக் கரைகளுக்கு ஆபத்து இல்லை என்று அதில் இருந்தது.

அந்த அறிக்கையின் முடிவில் தவறு சொல்ல முடியாது. பசிபிக் கரைகளுக்கு உண்மையிலேயே ஆபத்து இல்லை. ஆபத்து பக்கத்துக் கடலில் இருந்தது. அந்தக் கடலுக்கு அவர்கள் காவல்காரர்கள் இல்லை. 50 நிமிடம் கழித்து, 7:34-க்கு, இரண்டாவது அறிக்கை வந்தது. அளவை 8.5 என்று உயர்த்தி, நிலநடுக்க மையத்துக்கு அருகில் சுனாமி வர வாய்ப்பு உண்டு என்றது. அந்த நேரத்தில் மட்டக்களப்புக் கரைக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் மிச்சம் இருந்தது. நாகப்பட்டினத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்.

பேரிடரில் நாடுகள் கைகோப்பது என்றதும் நமக்குக் கப்பலும் ஹெலிகாப்டரும் கோடிக்கணக்கான டாலரும்தான் கண்ணில் படும். அதெல்லாம் அலை அடித்து ஓய்ந்த பிறகு வருபவை. அவற்றையும் பார்க்கலாம். ஆனால் இந்த நிகழ்வில் என்னை விடாமல் உறுத்துவது அந்த ஒன்றரை மணி நேரம்தான். 14 நாடுகளில் 2,27,000 பேருக்கு மேல் இறந்த ஒரு பேரழிவில், சுமத்ராவுக்கு வெளியே செத்தவர்களில் பெரும்பாலோர் அலைக்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தூரத்தில் இருந்தவர்கள். கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் நடந்திருந்தால் அவர்களில் பலர் பிழைத்திருப்பார்கள்.

தெரிந்தும் சொல்ல ஆளில்லை

ஹவாய் மையத்துக்கு அன்று மூன்று பற்றாக்குறை. முதலாவது, அளவு. சட்டென்று அளவு சொல்லும் முறைகள் முதலில் வந்துசேரும் அதிர்வுகளை வைத்துக் கணக்குப் போடுபவை. பத்து நிமிடம் ஓடும் ஒரு பிளவை அவை முழுதாகப் பிடிப்பதில்லை. 8.0 என்று நினைத்தது பிற்பாடு 9.1 என்று தெரிந்தது. இந்த அளவுகோலில் அது ஒரு புள்ளிக்குக் கொஞ்சம் மேல், ஆற்றலில் நாற்பது மடங்குக்கு மேல். இரண்டாவது, இந்தியப் பெருங்கடலில் கடல் மட்டத்தை அளந்து உடனுக்குடன் அனுப்பும் கருவிகள் விரல்விட்டு எண்ணக்கூட இல்லை. பசிபிக்கில் என்றால் மிதவை சொல்லும், துறைமுகத்து அலை அளவி சொல்லும். இங்கே சுனாமி கிளம்பியதா இல்லையா என்பதே அவர்களுக்கு உறுதியாகத் தெரியவில்லை. இலங்கையில் சாவு என்று இணையச் செய்திகளில் படித்துத்தான் உறுதி செய்துகொண்டார்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். தெரிந்திருந்தாலும் யாருக்கு போன் செய்வது? பசிபிக் கரை நாடுகளுக்கு அந்த மையத்திடம் பட்டியல் இருந்தது: எந்த நாட்டில் எந்த அலுவலகம், இரவு இரண்டு மணிக்கும் போனை எடுக்கப் பொறுப்பானவர் யார் என்று. இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்கு அப்படி ஒரு தாள் கிடையாது. அந்த நாடுகளிலேயே சுனாமிக்கென்று பொறுப்பான அலுவலகம் இல்லாதபோது பட்டியலில் எதை எழுதுவது?

இதே கதை ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் சின்ன அளவில் நடந்தது. கார் நிகோபாரில் உள்ள இந்திய விமானப்படைத் தளத்தை அலை அடித்தது எட்டு மணிக்கு முன்பே. தளத்திலிருந்து செய்தியும் வந்தது. அந்தச் செய்தி தமிழ்நாட்டுக் கரைக்கு எச்சரிக்கையாக மாறவில்லை. டெல்லியில் வானிலைத் துறையிலிருந்து அமைச்சருக்குப் போன ஃபேக்ஸ், அந்த ஆண்டு மே மாதமே பதவியிழந்த முன்னாள் அமைச்சரின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்று பிறகு பத்திரிகைகள் எழுதின. சிரிப்பதா அழுவதா என்று தெரியாத தகவல். ஆனால் ஃபேக்ஸ் சரியான வீட்டுக்கே போயிருந்தாலும் அங்கிருந்து நாகப்பட்டினத்து மீனவ ஊர்களான அக்கரைப்பேட்டைக்கும் கீச்சாங்குப்பத்துக்கும் எந்தக் கம்பி வழியாகப் போயிருக்கும்?

இலங்கையில் கொழும்பிலிருந்து மாத்தறைக்குப் போய்க்கொண்டிருந்த ரயில். ஞாயிறும் பௌர்ணமிப் போயா தினமும் சேர்ந்துகொண்டதால் நிரம்பி வழிந்த ரயில். கடல் பொங்கிய தகவல் கட்டுப்பாட்டு அறைக்கு எட்டி, அந்தத் தடத்தில் ஓடிய வேறு ரயில்களை நிறுத்திவிட்டார்கள். இதையும் அம்பலாங்கொடையில் நிறுத்தப் பார்த்தார்கள். நிலையத்தில் போன் அடித்தது. நிலைய ஊழியர்கள் எல்லோரும் அந்த ரயிலையே கவனித்துக்கொண்டிருந்ததால் எடுக்க ஆளில்லை. எடுத்தபோது ரயில் கிளம்பிவிட்டது. பெரலியாவில் அலை அதைத் தூக்கி எறிந்தது. ரயிலுக்குள்ளும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில் விபத்துகளின் வரலாற்றிலேயே மிகப் பெரிய சாவு எண்ணிக்கை அதுதான் என்கிறார்கள்.

தமிழ்நாட்டில் மொத்தம் ஏறக்குறைய 8,000 பேர். அதில் நாகப்பட்டினம் மாவட்டம் மட்டும் 6,065. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்பதால் வேளாங்கண்ணிக் கடற்கரையில் வெளியூர்க் கூட்டமும் இருந்தது.

எல்லா இடமும் இப்படியா என்றால், இல்லை. அலை ஆப்பிரிக்கக் கரையைத் தொட ஏழு, எட்டு மணி நேரம் ஆனது. அதற்குள் உலகத் தொலைக்காட்சிகளில் எல்லாம் செய்தி. கென்யா அதைப் பார்த்துக் கடற்கரைகளைக் காலி செய்தது. அங்கே பதிவான சாவு ஒன்றே ஒன்று. வடக்கே பக்கத்து நாடான சோமாலியாவில் அப்போது செயல்படும் அரசே இல்லை. அங்கே ஏறத்தாழ 300 பேர். ஒரே அலை, ஒரே தொலைக்காட்சிச் செய்தி. கரைக்குப் போய் ஆட்களைக் கிளப்ப ஒரு நாட்டில் ஆள் இருந்தார், இன்னொன்றில் இல்லை.

நல்லவாடு

புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாடு என்றொரு மீனவர் ஊர். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் 1990-களின் கடைசியிலிருந்து நடத்திவந்த அறிவு மையங்களில் ஒன்றோடு இந்த ஊருக்கும் தொடர்பு உண்டு. அறிவு மையம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை: ஒரு அறை, ஒரு கம்ப்யூட்டர், வெளியே ஒலிபெருக்கி. கடலோர ஊர்களில் அந்த மையங்களின் தினசரி வேலைகளில் ஒன்று, அமெரிக்கக் கடற்படை இணையதளத்தில் இலவசமாகப் போடும் வங்கக்கடல் அலை உயர முன்கணிப்பை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் வாசிப்பது. இன்று அலை இத்தனை அடி, நாளைக் காலை இத்தனை அடி. மீனவர்கள் அதைக் கேட்டுவிட்டுக் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்தால் வேடிக்கையாக இருக்கும். ஒரு வல்லரசின் கடற்படை தன் போர்க்கப்பல்களுக்காகப் போடும் கணக்கு, எந்த ஒப்பந்தமும் இல்லாமல் ஒரு கட்டுமரக்காரரின் காதுக்கு வந்துகொண்டிருந்தது. நாடுகளின் ஒத்துழைப்பு என்று நான் படித்த உதாரணங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இத்தனைக்கும் அதில் யாரும் யாரோடும் கைகுலுக்கவில்லை.

டிசம்பர் 26 காலை, நல்லவாடைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். தொலைக்காட்சியில் சுமத்ரா செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு போன் போட்டார். கடல் நீர் உள்ளே வருகிறது என்று வீட்டார் சொன்னதும், எல்லோரையும் கிளப்பச் சொல்லிவிட்டார். ஊர்க்காரர்கள் பூட்டியிருந்த மையத்தை உடைத்துத் திறந்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஏறக்குறைய 3,600 பேர் உள்ள ஊரில் ஒருவர்கூட இறக்கவில்லை. வீடுகளும் படகுகளும் நூற்றுக்கணக்கில் போயின.

ஹவாய் செய்ய முடியாததை ஒரு சிங்கப்பூர்த் தொழிலாளி செய்தார். அவரிடம் ஒரு எண் இருந்தது. எடுக்க ஆள் இருந்தது. எடுத்தவருக்கு ஊர் முழுக்கச் சொல்ல ஒரு கருவி இருந்தது. அந்தக் கருவியும் அன்றைக்கென்று வைத்ததல்ல. தினமும் பேசிய ஒலிபெருக்கி என்பதால் ஊர் அதை நம்பியது.

முன்பே நடந்ததுதான்

'இந்தியப் பெருங்கடலில் சுனாமியா, கேள்விப்பட்டதே இல்லையே' என்று அப்போது எல்லோரும் சொன்னோம். கேள்விப்பட்டிருக்க வேண்டும். 1883-இல் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தபோது அதன் அலை சென்னைத் துறைமுகத்து அலை அளவியில் பதிவானது. 1881-இல் கார் நிகோபார் அருகே நிலநடுக்கம், அதுவும் கருவிகளில் பதிவு. 1945 நவம்பரில் மக்ரான் கரையில், இன்றைய பாகிஸ்தான் பக்கம், 8.1 அளவில் நிலநடுக்கமும் சுனாமியும். பெரிய இடைவெளிகள் ஏறக்குறைய அறுபது ஆண்டு, கிட்டத்தட்ட ஒரு மனித ஆயுள். மறப்பதற்கு அது போதும்.

பசிபிக்கில் அந்த இடைவெளி சின்னது. 1946-இல் அலூஷியன் தீவுகளிலிருந்து கிளம்பிய சுனாமி ஹவாயைத் தாக்கியது. 1949-இல் அங்கே எச்சரிக்கை மையம் தொடங்கியது. 1960-இல் சிலியில் கிளம்பிய அலை ஹவாயிலும், கிளம்பிக் கிட்டத்தட்ட ஒரு நாளில் ஜப்பானிலும் ஆட்களைக் கொன்றது. ஒரு நாட்டின் நிலநடுக்கம் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நாட்டின் சாவு என்று புரிந்ததும், 1965-இல் யுனெஸ்கோவின் அரசுகளுக்கு இடையேயான கடலியல் ஆணையம் பசிபிக் நாடுகளை ஒன்றாக உட்காரவைத்தது. அந்த ஏற்பாட்டை இந்தியப் பெருங்கடலுக்கும் கொண்டுவர 39 ஆண்டு இருந்தது. ஏழை நாடுகள், அபூர்வமாக வரும் ஆபத்து, வேறு அவசரங்கள். யாரையும் குறிப்பிட்டுக் குறை சொல்ல முடியவில்லை, அதனால் யாரும் பதில் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

பிறகு வந்த வெள்ளம்: பணமும் கப்பலும்

அலை ஓய்ந்த பிறகு நடந்தது அதுவரை உலகம் பார்க்காத அளவு. டிசம்பர் 29-இல் அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா, இந்தியா நான்கும் சேர்ந்து ஒரு மையக் குழு அமைத்தன, ஐ.நா. வேலையை எடுத்துக்கொண்டதும் ஜனவரி 6-இல் ஜகார்த்தாவில் அது கலைக்கப்பட்டது. ஒன்பது நாள் ஆயுள். பின்னாளில் 'குவாட்' என்று பெயர் எடுத்த நால்வர் அணிக்கு அதுதான் தொட்டில். அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் ஆபிரகாம் லிங்கன் புத்தாண்டு அன்று சுமத்ராவின் வட முனையில் உள்ள ஆச்சே மாகாணத்துக் கடலில் நின்றது. சாலைகள் அறுந்துபோன மேற்குக் கரைக்கு அதன் ஹெலிகாப்டர்கள்தான் அரிசியும் தண்ணீரும் கொண்டுபோயின.

இந்தியா எடுத்த நிலை வித்தியாசமானது. தன் கரையில் பத்தாயிரத்துக்கு மேல் இறந்துகிடக்க, வெளிநாட்டு அரசுகளின் நிவாரணம் இப்போதைக்கு வேண்டாம், சமாளித்துக்கொள்வோம் என்று டெல்லி சொன்னது. அதே நேரம் இந்தியக் கடற்படை இலங்கைக்கு அன்றைக்கே கப்பல்களைத் திருப்பிவிட்டது. மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் அடுத்தடுத்து. இலங்கைப் பணிக்கு 'ரெயின்போ', மாலத்தீவுக்கு 'காஸ்டர்', இந்தோனேசியாவுக்கு 'கம்பீர்' என்று பெயர்கள். வாங்கும் நாடு என்ற பெயரை உதறிக் கொடுக்கும் நாடாக நிற்க வேண்டும் என்ற அரசியல் இதில் இல்லாமல் இல்லை. ஆனால் வெறும் வீம்பு என்று ஒதுக்கவும் முடியாது: பக்கத்து வீட்டுக்கு முதலில் போய்ச் சேர்ந்தது இந்தக் கப்பல்கள்தான். பிறகு மறுகட்டுமானத்துக்கு என்று வந்தபோது உலக வங்கியிடம் 46.5 கோடி டாலரும் ஆசிய வளர்ச்சி வங்கியிடம் 20 கோடி டாலரும் இந்தியா வாங்கிக்கொண்டது. உடனடி நிவாரணத்துக்கு 'வேண்டாம்', வீடு கட்டக் கடனுக்கு 'சரி'. எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. முதல் வாரத்தில் வேண்டியது வேறு, மூன்றாம் ஆண்டில் வேண்டியது வேறு.

மொத்தத்தில் உலகம் தருவதாகச் சொன்னதும் தந்ததுமாக 1,350 கோடி டாலர் என்று உதவி அமைப்புகள் சேர்ந்து நடத்தி 2006-இல் வெளிவந்த கூட்டு மதிப்பீடு கணக்கிட்டது. பாதிக்கப்பட்ட ஒருவருக்கு 7,100 டாலருக்கு மேல். அதே 2004-இல் வங்கதேச வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட ஒருவருக்குச் செலவானது 3 டாலர் என்றும் அதே மதிப்பீடு சொன்னது. கிறிஸ்துமஸ் வாரம், தாய்லாந்துக் கடற்கரையில் ஐரோப்பியச் சுற்றுலாப் பயணிகள், கையடக்கக் கேமராவில் பதிவான அலை. வங்கதேச வெள்ளத்துக்கு இது எதுவும் வாய்க்கவில்லை. 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு ஜனவரி முதல் வாரத்திலேயே, சுனாமிக்கு வேண்டிய பணம் வந்துவிட்டது, இனி இதற்கென்று அனுப்ப வேண்டாம் என்று அறிவித்தது. பணம் வேண்டாம் என்று சொல்ல ஒரு தொண்டு நிறுவனத்துக்குத் துணிச்சல் வேண்டும். மற்ற பல நிறுவனங்களுக்கு அது வரவில்லை.

வேண்டாத இடத்தில் வெள்ளம் பாய்ந்தால் என்ன ஆகும் என்பதை நாகப்பட்டினத்துச் சாலையோரம் பார்க்க முடிந்தது. எங்கெங்கிருந்தோ வந்த பழைய துணிகள் குவியல் குவியலாக, யாரும் தொடாமல் கிடந்தன. நேற்றுவரை சொந்தக் கையால் சம்பாதித்து உடுத்திய மீனவக் குடும்பங்கள் அடுத்தவர் பழந்துணியை எதற்குக் கட்டப்போகின்றன? கடைசியில் அந்தக் குவியலை அள்ளுவதே மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு வேலையாகிவிட்டது. அப்புறம் படகு. புகைப்படத்தில் நன்றாக விழும் பொருள் படகு. அதனால் எல்லோரும் படகு கொடுத்தார்கள். கட்டுமரம் இழந்தவருக்கு ஃபைபர் படகு, சில ஊர்களில் இழந்ததைவிட அதிகப் படகுகள். மீன் மட்டும் அதே அளவுதான் இருந்தது. உள்ளூர்க்காரர்களின் திறனை வெளியார் கணக்கில் எடுக்கவில்லை, அவர்களைத் தள்ளிவைத்துவிட்டு வேலை பார்த்தார்கள் என்பதுதான் அந்தக் கூட்டு மதிப்பீட்டின் முக்கியமான குற்றச்சாட்டு.

ஒரே உதவி இரண்டு போர்களில் எப்படி நடந்துகொண்டது என்பது தனி ஆய்வுக்கு உரியது. சுருக்கமாகச் சொல்கிறேன். ஆச்சேயில் முப்பதாண்டுக் கிளர்ச்சி. அழிவுக்கு எட்டு மாதத்துக்குள், 2005 ஆகஸ்ட் 15-இல், ஃபின்லாந்தின் முன்னாள் அதிபர் மார்ட்டி அதிசாரி முன்னிலையில் ஹெல்சிங்கியில் சமாதான ஒப்பந்தம். இலங்கையில் நடந்தது நேர்மாறு. வடகிழக்கில் உதவியைப் பகிர அரசும் விடுதலைப் புலிகளும் சேர்ந்து இயங்கும் பொதுக்கட்டமைப்பு ஒன்று 2005 ஜூன் 24-இல் கையெழுத்தானது. கூட்டணிக் கட்சியான ஜே.வி.பி. அதற்கு முன்பே அதை எதிர்த்து அரசிலிருந்து வெளியேறிவிட்டது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளுக்குத் தடை போட்டது. அது ஒருநாளும் இயங்கவில்லை. அடுத்த ஆண்டு மறுபடி போர். முல்லைத்தீவிலும் அம்பாறையிலும் அலை ஆள் பார்த்து அடிக்கவில்லை. உதவிதான் எந்த வாசல் வழியாக நுழைவது என்று காத்து நின்றது. சுனாமி ஆச்சேக்குச் சமாதானம் கொண்டுவந்தது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அங்கே பேச்சுக்கான தூது அலைக்கு முன்பே தொடங்கியிருந்தது. இரு தரப்பும் களைத்திருந்தன. இருந்த விருப்பத்தைத்தான் அழிவு வேகப்படுத்தியது.

வலை பின்னிய கதை

ஜப்பானின் கோபே நகரில் பேரிடர் தணிப்பு மாநாடு ஒன்று ஏற்கெனவே திட்டமிடப்பட்டிருந்தது, 1995 நிலநடுக்கத்தின் பத்தாம் ஆண்டை ஒட்டி. 2005 ஜனவரி 18-இல் அது கூடியபோது சுனாமி நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 168 நாடுகள் ஹியோகோ செயல்திட்டத்தை ஏற்றன. இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பு வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எங்கே வைப்பது என்றபோதுதான் சிக்கல். தாய்லாந்து கேட்டது, இந்தோனேசியா கேட்டது, இந்தியா தானே ஒன்று கட்டப்போவதாகச் சொன்னது. ஜனவரி கடைசியில் புக்கெட்டில் கூடிப் பேசியும் ஒரே மையம் என்பதில் ஒத்துவரவில்லை.

அன்றைக்கு இதைத் தோல்வி என்று எழுதினார்கள். இருபதாண்டு கழித்துப் பார்த்தால் அந்த இழுபறியே நல்லதாகப் போயிற்று என்று தோன்றுகிறது. 2005 ஜூனில் யுனெஸ்கோ ஆணையத்தின் கீழ் கூட்டுக் குழு அமைந்தது. ஒரு நாட்டில் ஒரே தலைமையகம் என்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு நாட்டுக்கும் சொந்தமாக ஒரு தேசிய மையம். எல்லாவற்றுக்கும் கணிப்பு தர இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா மூன்றும். அவை தயாராகும்வரை ஹவாயும் ஜப்பானும் இடைக்காலமாகக் காவல் பார்த்தன. ஹைதராபாத்தில், இந்தியக் கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் வளாகத்தில் இந்திய மையம் 2007 அக்டோபர் 15-இல் திறக்கப்பட்டது. செலவு சுமார் 125 கோடி ரூபாய். 2011 அக்டோபரில் மூன்று நாடுகளும் வேலையைத் தொடங்கின, 2013-இல் ஹவாயும் ஜப்பானும் விலகிக்கொண்டன. ஒரு மையத்தில் மின்சாரம் போனாலும் இரண்டு இருக்கும்.

ஹைதராபாத்தில் நடப்பதை எளிதாகச் சொல்வதென்றால்: நிலநடுக்கம் வந்ததும் அதன் இடம், ஆழம், அளவு கணிக்கப்படும். சுனாமி எப்படிப் பரவும் என்று அந்த நேரத்தில் உட்கார்ந்து முழுக் கணக்குப் போட நேரமில்லை. அதனால் ஆயிரக்கணக்கான கற்பனை நிலநடுக்கங்களுக்கு முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். பொருந்துவதை எடுத்து, எந்தக் கரைக்கு எத்தனை நிமிடத்தில் எவ்வளவு உயரம் என்று அறிவிப்பார்கள். உண்மையில் அலை கிளம்பியதா என்பதை ஆழ்கடல் தரையில் வைத்த அழுத்தமானிகள் சொல்ல வேண்டும். பல ஆயிரம் மீட்டர் ஆழத்தில் கிடந்து, மேலே கடல் சென்டிமீட்டர் கணக்கில் உயர்ந்தாலே கண்டுபிடித்துவிடும் கருவி அது. மேலே மிதக்கும் மிதவை அதைச் செயற்கைக்கோளுக்கு அனுப்பும்.

அந்த மிதவைதான் பாடாய்ப் படுத்துகிறது. நடுக்கடலில் எது மிதந்தாலும் அதன் நிழலில் மீன் கூடும். மீன் கூடினால் படகு வரும். மிதவையில் படகைக் கட்டுவார்கள், வலை மாட்டும், கம்பி அறும், சோலார் தகடு காணாமல் போகும். இந்தியாவில் இவற்றைப் பராமரிக்கும் சென்னை தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் மீனவ ஊர்களுக்குப் போய் விளக்க வேண்டியிருந்தது. இந்தோனேசியாவில் ஜெர்மனி உட்படப் பல நாடுகளின் உதவியோடு போட்ட மிதவைகள் 2012 வாக்கிலேயே செயலிழந்துவிட்டன. கருவி கொடுப்பது ஒருமுறைச் செலவு, கொடுத்தவர் பெயர் பலகையில் வரும். அதற்கு ஆண்டுதோறும் கப்பல் அனுப்பிப் பராமரிக்கும் செலவுக்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை.

தரவுப் பகிர்வில் இன்னொரு சுவாரசியம். அணு வெடிப்புச் சோதனைகளை ஒட்டுக்கேட்க வியன்னாவைத் தலைமையிடமாகக் கொண்ட தடை ஒப்பந்த அமைப்பு உலகெங்கும் நிலநடுக்க மானிகளை வைத்திருந்தது. 2004-இல் அவற்றின் தரவு சுனாமி மையங்களுக்கு உடனடியாகப் போகும் ஏற்பாடு இல்லை. ஒப்பந்தம் அணுகுண்டுக்கானது, அலைக்கானது அல்ல. 2005-இல் சோதனை முறையில் தொடங்கி, 2006-இல் முறையாக அனுமதி கொடுத்தார்கள். ஒரு பூட்டைத் திறக்க இரண்டு லட்சத்துக்கு மேல் உயிர் தேவைப்பட்டது.

கணக்குச் சரிபார்த்த நாட்கள்

முதல் சோதனை சீக்கிரமே வந்தது. 2006 ஜூலை 17, ஜாவாவின் தெற்குக் கரை, பங்கந்தரன். அளவு 7.7. ஹவாயும் ஜப்பானும் நேரத்துக்கு எச்சரித்தன. செய்தி ஜகார்த்தாவுக்கு வந்துசேர்ந்தது, அங்கேயே நின்றது. கரைக்குக் கொண்டுபோக வழி இல்லை. பிளவு மெதுவாக நடந்த நிலநடுக்கம் என்பதால் கரையில் இருந்தவர்களுக்கு அதிர்வே பெரிதாகத் தெரியவில்லை. 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2004-இல் நாடுகளுக்கு இடையே அறுந்து கிடந்த கம்பி இப்போது நாட்டுக்குள் அறுந்து கிடந்தது.

2012 ஏப்ரல் 11 வேறு மாதிரி. பிற்பகல் 2:08-க்கு மறுபடி சுமத்ரா, அளவு 8.6. சென்னையில் அலுவலகங்களிலிருந்து ஆட்கள் படியில் ஓடி இறங்கிய மதியம் அது. அன்று அங்கே இருந்தவர்களுக்கு மறக்காது. ஹைதராபாத்திலிருந்து சுமார் எட்டு நிமிடத்தில் முதல் அறிவிப்பு போனது. மெரினாவைக் காலி செய்தார்கள், கரையோர ஊர்கள் மேடான இடத்துக்கு நகர்ந்தன. தட்டுகள் மேலும் கீழுமாக நகராமல் பக்கவாட்டில் உரசிய நிலநடுக்கம் என்பதால் பெரிய அலை எழவில்லை. அதைக் கண்டறிந்து எச்சரிக்கையைத் திரும்பப் பெற்றதும் அதே அமைப்புதான். ஆச்சேயில் மட்டும் ஒரு பழைய பயம் வெளியே வந்தது: எல்லோரும் மோட்டார் சைக்கிளிலும் காரிலும் ஏறிச் சாலையில் சிக்கிக்கொண்டார்கள். ஜப்பான் உதவியில் கட்டிய உயரமான தப்பிக்கும் கட்டடங்கள் பக்கத்திலேயே இருக்க, பலர் அவற்றைத் தாண்டி ஓட்டிக்கொண்டு போனார்கள். உண்மையான அலை வந்திருந்தால் அந்த நெரிசலையே அடித்திருக்கும்.

2018-இல் இரண்டு முறை அடி விழுந்தது. செப்டம்பர் 28, சுலவேசியின் பாலு நகரம். எச்சரிக்கை போனது; ஆனால் மின்சாரமும் செல்போன் கோபுரங்களும் விழுந்துவிட்ட ஊரில் அதை யார் படிப்பது? குறுகிய வளைகுடாவுக்குள் அலை சில நிமிடங்களிலேயே வந்துவிட்டது. நிலநடுக்கம், சுனாமி, மண் குழம்பாகி வீடுகளை விழுங்கியது எல்லாம் சேர்த்து 4,000-க்கும் மேற்பட்ட சாவு. அதே ஆண்டு டிசம்பர் 22 இரவு சுந்தா நீரிணையில் அனக் கிரக்கத்தோவா எரிமலையின் ஒரு பக்கம் சரிந்து கடலில் விழுந்தது. பெரிய நிலநடுக்கம் இல்லை, ஆகவே எச்சரிக்கையும் இல்லை. 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நிலநடுக்கத்தைத் தேடும்படி பின்னிய வலையில் எரிமலை சிக்கவில்லை.

ஆக, கடல் கடந்து வரும் அலைக்கு இன்று பதில் இருக்கிறது. நாகப்பட்டினத்துக்கும் மட்டக்களப்புக்கும் இனி ஒன்றரை மணி நேரம் வீணாகாது என்று தைரியமாகச் சொல்லலாம். பக்கத்திலேயே பிறக்கும் அலைக்குத்தான் இன்னும் பதில் இல்லை. நிகோபார் தட்டின் விளிம்பிலேயே உட்கார்ந்திருக்கிறது; அங்கே அலை வர இருபது, முப்பது நிமிடம். அதில் எட்டு நிமிடம் கணிப்புக்கே போய்விட்டால் மிச்சத்தில் கட்டுப்பாட்டு அறை, சைரன், படியேற முடியாத பாட்டி எல்லாம் அடங்க வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் நில அதிர்வே எச்சரிக்கை. சுமத்ராவுக்கு அருகே சிமெலு தீவில் 1907 அலைக்குப் பிறகு பாட்டிகள் 'ஸ்மாங்' என்ற ஒரு சொல்லைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள்: பூமி ஆடி, கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு. 2004-இல் 78,000 பேர் கொண்ட அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர்.

அந்தப் பாட்டியின் வேலையைத் தாளில் எழுதிவைக்க முடியுமா என்று யுனெஸ்கோ முயன்றதுதான் 'சுனாமிக்குத் தயார்' என்ற அங்கீகாரம். இந்தியப் பெருங்கடலில் அதை முதலில் பெற்றவை 2020-இல் ஒடிசாவின் வெங்கட்ராய்பூர், நோலியாசாஹி என்ற இரண்டு கிராமங்கள். 2004 அலை ஒடிசாவைப் பெரிதாகத் தொடவே இல்லை. ஆனால் 1999 புயலில் சுமார் பத்தாயிரம் பேரைப் பறிகொடுத்த மாநிலம் அது. அந்த ஆண்டே பேரிடருக்கென்று தனி அமைப்பு தொடங்கி, ஊர் ஊராகக் குழு போட்டு, பாதுகாப்புக் கட்டடம் கட்டிப் பழகியிருந்தது. சுனாமி அந்தப் பழக்கத்தில் இன்னொரு வரியாகச் சேர்ந்துகொண்டது. அங்கீகாரம் கேட்கும் ஊர் காட்ட வேண்டியவை சாதாரணமானவை: தண்ணீர் எதுவரை ஏறும் என்று வரைபடம், எந்தத் தெரு வழியாக ஓடுவது என்று பலகை, ஒத்திகை. அதோடு, எந்த நாளும் எந்த நேரமும் எச்சரிக்கையைக் கேட்டு வாங்கி ஊருக்குச் சொல்ல ஒரு ஏற்பாடு. அங்கீகாரம் நிரந்தரமில்லை, சில ஆண்டுக்கு ஒருமுறை காலாவதியாகும். 2024 நவம்பரில் ஒடிசாவில் பட்டியல் 24 கிராமங்களாக நீண்டபோது, முதல் இரண்டு ஊர்களும் மறுபடி சோதனைக்கு உட்பட்டுத்தான் அதைப் புதுப்பித்துக்கொண்டன.